புஷ்பமேரி தாண்டிய தூரம்

சூசைமாணிக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டால் அதை இன்னொருவர் அளந்து பார்க்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் அவன் வேலை பார்த்த பெரிய ஆங்கிலப் பள்ளியில் வாத்தியார்களே அப்படிச் சொல்வார்கள். பதினைந்து வயதில் புல் வெட்ட வந்தவன். இருபது வயதுக்குள் மைதானம் முழுவதும் அவன் பொறுப்புக்கு வந்துவிட்டது. விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பே ஆப்பு அடித்து, கயிறு கட்டி, டேப்பை இழுத்து அளப்பான். அளந்ததை மறுபடியும் அளப்பான். இரண்டும் ஒத்துப்போனால்தான் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளுவான். அவன் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது.

அவனுக்குப் பத்து வயது இளையவள் தங்கை புஷ்பமேரி. வடகவுஞ்சிக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் ஒதுங்கிய பதினாறு வீட்டுக் குடியிருப்பில் அம்மா அடைக்கலமேரியோடு இருந்தாள். அப்பா உபகாரம் அவள் மூன்றாம் வகுப்பு படிக்கையிலேயே காய்ச்சலில் போய்விட்டார். சூசை சனிக்கிழமை சாயங்காலம் பழனி பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வருவான். ஞாயிறு பூசை முடித்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான்.

1978 ஆகஸ்டில் அடித்த மழையில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலிருந்த ஓடைப் பாலத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குறுக்கே கிடந்த ஒரு சவுக்கு மரம். மற்ற பிள்ளைகள் மேலே அரை மைல் ஏறி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டாம் வகுப்பு புஷ்பமேரி மட்டும் எப்போதும் போலவே வெள்ளனே போய்ச் சேர்ந்தாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பக்கம் விறகுக்குப் போன சூசைதான் பார்த்தான். புல்லறுக்க வந்திருந்த அவள் முதலில் அரிவாளை அக்கரைக்கு எறிந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு எட்டு போய் நின்று, ஓடிவந்து தாண்டினாள். அக்கரையில் கால் பதிந்த இடத்திலிருந்து அசையக்கூட இல்லை.

"எத்தன நாளா இப்படித் தாண்டுற?" என்றான் சூசை.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "மரம் போன நாளுல இருந்து."

"விழுந்தா?"

"விழலயே."

"இன்னொருக்கா தாண்டு, பாப்போம்."

"வையப்போறீங்கன்னு நெனச்சேன்."

"வையிறத அப்புறம் வையிறேன். இப்பத் தாண்டு."

அவள் தாண்டினாள். கால் கிளம்பிய தடத்திலிருந்து இறங்கிய தடம் வரைக்கும் விறகுக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். மறுநாள் மைதானத்துச் சாமான் அறையில் அந்தக் கயிற்றை டேப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தான். மூன்று மீட்டர் தொண்ணூற்றிரண்டு. சுவரில், அந்தப் பள்ளியில் அதிக தூரம் தாண்டியவர்களின் பெயர்ப்பலகை தொங்கியது. அதே வயதுப் பெண்பிள்ளைகள் வரிசையில் எழுதியிருந்தது நாலு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். அந்தப் பிள்ளைகளுக்கு மணல் குழி இருந்தது, அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ இருந்தது, சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து வந்த வாத்தியார் இருந்தார். இவளுக்கு ஓடை ஒன்றுதான். சூசை பலகையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். எண் மாறவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிகிற நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் குருநாதன் பழனிக்காரர், திங்கட்கிழமை மேலேறி வந்து சனிக்கிழமை இறங்குவார். சூசை போய்க் கேட்டபோது அவர் சிரித்தார்.

"ஏப்பா, எனக்கு இருக்கிறதே மூணு வாத்தியாரு. பி.டி. பீரியடுன்னா பிள்ளைக பூச்செடிக்குத் தண்ணி ஊத்தும். வெளையாட்டு வாத்தியாருக்கு நான் எங்க போவேன்?"

"வாத்தியாரு வேண்டாம் சார். ஒரு குழி வெட்ட எடம் குடுங்க, போதும்."

குழி வெட்டினான். நிரப்ப மணல் இல்லை. மலையில் ஏது மணல். காப்பிக் களத்தில் குவிந்து கிடந்த காய்ந்த தொலியை நாலு நடை சாக்கில் சுமந்து வந்து கொட்டினான். முதல் வாரம் குதித்தபோது ஊர்ப் பெண்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் விசாலாட்சிக்கு வாய் அதிகம்.

"ஏ புஷ்பம், நல்லா மிதி. மிதிச்சு முடிச்சதும் எங்க வாழைக்கு உரமா அள்ளிக்கிறேன்."

"அள்ளிக்கங்கத்தே. மாட்டுச் சாணிக்குப் பதிலா ஆச்சு," என்றாள் புஷ்பமேரி, தலைமுடியிலிருந்து தொலியைத் தட்டிக்கொண்டே.

பெரிய சண்டை டவுசருக்கு வந்தது. பள்ளியில் கழித்துப்போட்ட நீல டவுசர் ஒன்றைச் சூசை துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்திருந்தான். அடைக்கலமேரி அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு எம்மவ ஆம்பளைக முன்னால குதிக்கணுமாக்கும்."

"எங்க ஸ்கூல்ல எல்லாப் பிள்ளையும் இதுதாம்மா போடுது."

"அதுக வெள்ளக்காரப் பிள்ளைக. அதுகளுக்கு முழங்கால் இருக்கிறது ஊருக்கே தெரியும். இவளுக்கு இருக்கிறது எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

கடைசியில் டவுசருக்கு மேலே பாவாடை, தாண்டுகிற நேரத்துக்கு மட்டும் பாவாடை இல்லை என்று முடிவாயிற்று.

ஞாயிறுதோறும் ஆறு தாண்டல். சூசை எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனுக்கு அது தெரியாது. அளக்கத் தெரியும். நாற்பது பக்க நோட்டில் தேதி, தொலி ஈரமா காய்ந்ததா, காற்று எந்தப் பக்கம், ஆறு தூரங்கள், அதில் பெரியதற்குக் கீழே ஒரு கோடு. குழிக்கு முன்னால் கால் ஊன்றப் பதித்த பலகையைத் தாண்டி அவள் பாதம் ஒரு விரல் அகலம் பட்டுவிட்டாலும் எழுத மாட்டான்.

"நீங்க என் அண்ணனா, எதிர்க் கட்சியா?" என்று கேட்பாள்.

"எதிர்க் கட்சி இத விட மோசமா அளப்பான்," என்பான்.

எட்டாம் வகுப்பு முடிந்தால் அந்தக் குடியிருப்புப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் முடிந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் போக பஸ் வசதி கிடையாது, தங்கிப் படிக்க வசதி கிடையாது. ஏப்ரலில் பரீட்சை எழுதியவள் மே மாதம் காப்பித் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருப்பாள். அந்த ஆண்டுதான் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்ட அளவில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களில் நீளம் தாண்டுதலில் முதலில் வருகிற கிராமப்புற மாணவிக்கு, மதுரையில் ஒரு கன்னியர் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் இடமும் விடுதியும் கொடுக்கும். குருநாதன் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். புஷ்பமேரி மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னாள். "முதல்ல வந்தா மட்டுமா சார்? ரெண்டாவது வந்தா?" "ரெண்டாவதுக்கு ஒரு சோப்பு டப்பா," என்றார் அவர்.

நவம்பரில் மலைப்பகுதிப் பள்ளிகளின் போட்டி, சூசை வேலை பார்த்த மைதானத்திலேயே நடந்தது. குழியைச் சலித்தவன் அவன், பலகையைப் பதித்தவன் அவன். ஆனால் தங்கையின் பெயர் கூப்பிட்டதும் டேப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முதன்முதலாக நிஜ மணலில் குதித்தாள். நாலு மீட்டர் நாற்பத்து மூன்று. இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

பிறகு மாவட்டப் போட்டிக்கான படிவம் வந்தது. குருநாதன் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பிறந்த தேதி 1-6-1965. சூசை அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சார், எங்க தங்கச்சி ஐப்பசி மழையில பொறந்தா."

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குது, ஜூன்ல சேக்குறோம், ஜூன்லயே பொறந்துட்டாங்க. எட்டாங் கிளாஸ்ல பதினோரு பிள்ளைக. ஒம்போது பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பொறந்த நாளு."

"அதான் சார் பயமா இருக்கு. போன வருசம் எங்க கிரவுண்டுல ரெண்டு பயல்களத் திருப்பி அனுப்புனாங்க. 'மலையில ஜூன் ஒண்ணாந்தேதி மொத்தமாப் பிரசவம் நடக்குமோ'ன்னு ஒரு ஆளு சிரிச்சாரு. கோயில்ல சரியான தேதி இருக்கு. ஞானஸ்நானச் சான்று வாங்கி வச்சிருவோம்."

குருநாதன் பேனாவை மூடினார். "எந்தத் தேதியா இருந்தாலும் பிள்ளைக்குப் பதினாலு ஆகல. எங்கையெழுத்துப் போதும். கேக்காத பேப்பர நீட்டாதப்பா. ஆபீஸ்ல உக்காந்திருக்கவனுக்கு ஒரு பேப்பரப் பாத்தா ஒரு சந்தேகம், ரெண்டப் பாத்தா நாலு."

சூசை கேட்கவில்லை. ஒருமுறை அளந்ததை மறுமுறை அளக்காமல் அவனால் கோடு போட முடியாது.

பங்குக் கோவில் ஆபீஸில் எழுத்தர் ஜெபதுரை, கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார்.

"பிள்ள பேரு?"

"புஷ்பமேரி."

"தகப்பன், தாய்?"

"உபகாரம், அடைக்கலமேரி."

"எந்த வருசம்?"

அறுபத்தைந்து என்று சூசையின் வாய் நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டான். "நான் சொல்லி நீங்க எழுதுனதா இருக்க வேண்டாங்க. புஸ்தகத்துல என்ன இருக்கோ அதப் பாத்து எழுதுங்க."

ஜெபதுரை கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "நல்ல ஆளுய்யா நீ. வாரவன்லாம் ரெண்டு வயசு கொறச்சுப் போடுங்கன்னு காலப் பிடிப்பான்." தடித்த புத்தகத்தை எடுத்து, விரலை எச்சிலில் தொட்டுத் தொட்டுப் பக்கம் தள்ளினார். "இந்தா இருக்கு. உபகாரம், அடைக்கலமேரி, புஷ்பமேரி. ஊரும் சரியாப் போச்சு." எழுதி முடித்துத் தாளை நீட்டினார். "வாசிச்சுக்கிறியா?"

"வேண்டாங்க. கவர்ல போட்டு ஒட்டி முத்திரை வச்சுக் குடுத்திருங்க. நடுவுல நான் கை வச்சேன்னு பேச்சு வரக் கூடாது."

ஜெபதுரை அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். சூசை அந்தக் கவரை நாற்பது பக்க நோட்டின் நடுப்பக்கத்தில், மடங்காமல் வைத்துக்கொண்டான்.

1979 ஜனவரியில் அண்ணனும் தங்கையும் குருநாதனும் மதுரைக்கு இறங்கினார்கள். புஷ்பமேரி அவ்வளவு பெரிய சமதளத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. "எல்லாம் தட்டையாக் கெடக்குண்ணே. இங்க ஓடுறதுக்கு மூச்சே வேண்டாம் போல," என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினாள்.

பந்தலில் வயதுச் சரிபார்ப்பு மேசை. அதில் இருந்தவர் சேனாதிபதி என்ற உடற்பயிற்சி ஆசிரியர், கழுத்தில் விசில். குருநாதன் நீட்டிய படிவத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று டிக் அடிக்கப் பேனாவைத் தூக்கினார். அந்த நேரத்தில்தான் சூசை கவரை மேசையில் வைத்தான்.

"கோயில் சான்றும் இருக்குங்கய்யா."

சேனாதிபதி அரக்கை உடைத்தார். வாசித்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"பதினொண்ணு எட்டு அறுபத்து மூணு."

"என்னங்கய்யா?"

"உங்க கோயில் அப்படித்தான் சொல்லுது. ஆகஸ்டு அறுபத்து மூணு. பதினஞ்சு முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. உங்க சார் ஜூன் அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்காரு."

"இல்லைங்கய்யா. அவளுக்குப் பதிமூணுதான். ஐப்பசியில பொறந்தா."

"மூணாவதா நீ ஒரு தேதி சொல்றியா?" சேனாதிபதி கோபப்படவில்லை. களைப்பாகக் கேட்டார். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. கோயில் பொய் சொல்லுதா, பள்ளிக்கூடம் பொய் சொல்லுதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. எழுதிக்கிறேன்."

அரக்கு முத்திரை வைத்த தாளைப் பொய் என்று சொல்லச் சூசைக்கு நாக்கு எழவில்லை. குருநாதன் ஏதேதோ எடுத்துச் சொன்னார். அவர் எழுதிய தேதிதான் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்தது. அவர் பேசப் பேச அது கூடியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் சேனாதிபதி ஒரு தயவு செய்தார். "பிள்ளையத் திருப்பி அனுப்ப மனசில்ல. பதினாறுக்குட்பட்ட பிரிவுல குதிக்கட்டும்."

புஷ்பமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அங்க முதல்ல வந்தா அந்தக் கன்னியர் பள்ளியில சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"அது பதினாலுக்கு மட்டும்மா," என்றார் சேனாதிபதி.

அவள் போய்ப் பாவாடையைக் கழற்றி, மடித்து, அண்ணன் கையில் கொடுத்தாள். மற்ற பிள்ளைகள் அவளைவிட ஒரு தலை உயரம், காலில் ஸ்பைக்ஸ். இவள் வெறுங்கால். முதல் தாண்டல் பலகையைத் தாண்டி மிதித்து வீணாயிற்று. இரண்டாவது நாலு நாற்பது. மூன்றாவதற்கு அவள் வழக்கத்தைவிட இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள். ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, மணல் கிளறிக்கொண்டிருந்த ஆள் கம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். நாலு மீட்டர் அறுபத்தொன்று.

அந்தப் பிரிவில் அது நாலாவது இடம். அரை மணி நேரம் கழித்துப் பக்கத்துக் குழியில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் குதித்தார்கள். அதில் முதலில் வந்த பிள்ளை நாலு மீட்டர் முப்பத்தெட்டு. சூசை இரண்டு தூரங்களையும் நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினான். கழித்துப் பார்த்தான். இருபத்து மூன்று சென்டிமீட்டர். கன்னியர் பள்ளியிலிருந்து வந்திருந்த கன்னியாஸ்திரி அம்மா, முப்பத்தெட்டு தாண்டிய பிள்ளையின் தோளில் கை போட்டு நின்றுகொண்டிருந்தார். சூசை அவரிடம் போய் நோட்டைக் காட்டினான். அவர் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் தாண்டியிருக்கா தம்பி. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கில்ல. அடுத்த வருசம் பாப்போம்," என்றார். அடுத்த வருசம் அவளுக்கு வகுப்பே இல்லை என்று அவன் சொல்வதற்குள் புகைப்படத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்புகையில் வத்தலக்குண்டில் பஸ் நின்றது. குருநாதன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இனி என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்க. என்ன எழுதணும்னு நீயே ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்திரு. உனக்குத்தான் எல்லாம் சுத்தமா வரும்."

வீட்டில் அடைக்கலமேரி அடுப்படியில் இருந்தாள். சூசை உட்காரவில்லை.

"அம்மா, அறுபத்து மூணு ஆகஸ்டுல நம்ம வீட்டுல யாரு பொறந்தது?"

அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "அத ஏன் இப்பக் கேக்குற?"

"யாருன்னு சொல்லு."

"நீ அப்ப மாமன் வீட்டுல பூண்டியில மாடு மேச்சுக்கிட்டிருந்த. ஒரு பொட்டப்பிள்ள. குளிரு தாங்கல. பத்தொன்பது நாளு இருந்துச்சு. சாமியாரு வந்து தண்ணி ஊத்திப் பேரு வச்சாரு."

"என்ன பேரு?"

அடைக்கலமேரி மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். "புஷ்பமேரின்னுதான். ஆசையா வச்ச பேரு, வீணாப் போகக் கூடாதுன்னு உங்கப்பா இவளுக்கும் அதையே வச்சாரு. செத்த பிள்ள பேர அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான?"

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"பிள்ள செத்ததச் சொன்னேன். பேரு நீ கேக்கல. கோயிலுக்குப் போறேன்னாவது எங்கிட்டச் சொன்னியா? சொல்லியிருந்தா, ரெண்டு பேரு இருக்கு, பாத்து வாங்குடான்னு சொல்லியிருப்பேன்."

புஷ்பமேரி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் இன்னைக்குத் தாண்டுனது அவ பேர்லயா?"

மறு வாரமே சூசை சரியான சான்றை வாங்கினான். 18-10-1965. இந்த முறை மூன்று தடவை வாசித்தான். போட்டிச் செயலாளருக்கு நடந்ததையெல்லாம் அடித்தல் இல்லாமல் நாலு பக்கம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினான். பெற்றுக்கொண்டதற்கு யாரோ கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை. குருநாதனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜூனில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்துக் குழியில் புதிதாக வந்தவர் பீன்ஸ் போட்டார். காப்பித் தொலி நன்றாக மக்கியிருந்ததால் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. விசாலாட்சி கேட்காமலேயே பறித்துக்கொண்டு போனாள்.

புஷ்பமேரி மே மாதம் களையெடுக்கப் போனாள். ஐந்து வருடம் காப்பிப் பழம் பறித்தாள். ஓடையில் புதிய மரம் போட்டிருந்தார்கள். கூடையோடு அதன் மேல் நடந்துதான் போனாள், வந்தாள். 1984இல் பூண்டியில் பூண்டு போடுகிற வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். புருசன் அடிக்கிறவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சூசை போகும்போதெல்லாம் தோட்டத்தில் குனிந்திருப்பாள். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

1986இல் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் புஷ்பமேரி அண்ணனைக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள்.

"என்ன பேரும் வைங்க. இதுவரைக்கும் நம்ம வம்சத்துல யாருக்கும் வைக்காத பேரா இருக்கணும். உசுரோட இருக்கவங்களுக்கும் சரி, செத்தவங்களுக்கும் சரி."

சூசை அமலி என்ற பெயரை நினைத்து வைத்திருந்தான். வழக்கம் போல அதைச் சரிபார்க்கப் பங்கு ஆபீஸுக்குப் போனான். ஜெபதுரைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பழைய புத்தகங்களை எடுத்துப் போட்டுவிட்டு, "நீயே பாத்துக்கய்யா, உனக்கு நான் பாத்தாத் திருப்தி வராது," என்றார்.

தாத்தா காலத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். அமலி இல்லை. 1963 ஆகஸ்டு வந்தது. புஷ்பமேரி. தகப்பன் உபகாரம், தாய் அடைக்கலமேரி. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொருவர் வரிக்கும் எதிரே ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆனால் பிற்பாடு அங்கே குறிப்பார்கள். பத்தொன்பது நாள் இருந்த குழந்தையின் வரிக்கு எதிரே, நீல மையில், தெளிவாக எழுதியிருந்தது: 1984 மே, பூண்டி, மாப்பிள்ளையின் பெயர்.

சூசை பக்கங்களைத் தள்ளி 1965 அக்டோபருக்குப் போனான். தன் தங்கையின் வரி. எதிரே ஓரம் வெறுமையாக இருந்தது.

"இங்க பாருங்க," என்றான்.

ஜெபதுரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பேரும் ஒண்ணு, அப்பன் ஆத்தா பேரும் ஒண்ணு. எனக்கு எப்படிய்யா தெரியும்? இறந்தவுக புஸ்தகம் வேற. இதுல அதக் குறிக்கிறதில்ல."

"மாத்தி எழுதுங்க."

"எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன? கல்யாணம் ஆனது ஆனதுதான?"

"மாத்தி எழுதுங்கய்யா."

அவன் குரல் உயரவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெபதுரை பங்குச் சாமியைக் கூட்டிவந்து, விளக்கி, ஒப்பம் வாங்கி, 1963 வரியின் ஓரக் குறிப்பில் கோடிழுத்து, 1965 வரியின் ஓரத்தில் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் இழுத்த கோடு சற்றுக் கோணலாக இருந்தது. சூசை அதை ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே கோவில் சுவரோரம் வெயிலில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புஷ்பமேரி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பேரப் பாக்க இவ்வளவு நேரமா?"

அவன் நடந்ததைச் சொன்னான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்க்கிறான்.

"ஏண்ணே மாத்துனீங்க? கல்யாணத்த அவளே வச்சுக்கிட்டிருக்கலாம்ல. பூண்டித் தோட்டத்துல ஒரு நாளாச்சும் வந்து குனிஞ்சிருப்பா."

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் தாண்டுனத எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்காங்க?"

நாற்பது பக்க நோட்டு சூசையின் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. தேதி இருந்தது, காற்று எந்தப் பக்கம் என்று இருந்தது, நாலு மீட்டர் அறுபத்தொன்றுக்குக் கீழே அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு இருந்தது. முத்திரைதான் இல்லை.